பிடிபட்ட செய்தியும் விடுபட்ட செய்தியும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் இராமநாதபுரம் மாவட்டப் பக்கங்களை நெடுங்காலமாகப் படித்துவருபவன் நான். கல்லூரியில் சமூகவியல் கற்பித்து ஓய்வுபெற்று, இப்போது மண்டபத்தில் வசிக்கிறேன். வேதாளை, மரைக்காயர்பட்டினம், பாம்பன், தங்கச்சிமடம், தேவிபட்டினம், தொண்டி, கீழக்கரை என்று எங்கள் கடற்கரை ஊர்களின் பெயர்கள் அந்தப் பக்கங்களில் அடிக்கடி வருகின்றன. அப்படி வரும் செய்திகளில் மிகப் பல, கடல் அட்டை பறிமுதல், பீடி இலை மூட்டைகள் பறிமுதல், கஞ்சா பறிமுதல், கடலில் வீசப்பட்ட தங்கம் மீட்பு ஆகிய வகையைச் சேர்ந்தவை. மூட்டைகளுக்குப் பின்னால் தலைகுனிந்து நிற்கும் இரண்டு மூன்று பேரின் படமும், அவர்களுடைய பெயர், தகப்பனார் பெயர், வயது, தெரு ஆகிய விவரங்களும், பிடிபட்ட பொருளின் சர்வதேச மதிப்பு இத்தனை லட்சம் என்ற வரியும் அவற்றில் தவறாமல் இருக்கும். இச்செய்திகளை வெளியிட வேண்டாம் என்று கேட்பதற்காக நான் எழுதவில்லை. குற்றம் நடந்தால் அது செய்தியாகத்தான் வேண்டும். ஆனால் அவை எழுதப்படும் முறை, சட்டத்தை மீறிய ஒரு செயலைப் பற்றிச் சொல்வதோடு நிற்காமல், ஒரு மனிதரின், ஒரு தெருவின், சில வேளைகளில் ஒரு முழு ஊரின் இயல்பைப் பற்றிய தீர்ப்பாக மாறிவிடுகிறது என்பதையும், அந்தத் தீர்ப்பே அடுத்த குற்றத்துக்கு வழி திறந்துவிடுகிறது என்பதையும் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

கடல் அட்டையிலிருந்தே தொடங்குகிறேன். மன்னார் வளைகுடாவிலும் பாக் விரிகுடாவிலும் கடலடியில் ஊர்ந்து வாழும் இந்த உயிரினத்தை எங்கள் கரையில் யாரும் உண்பதில்லை. சீனா, ஹாங்காங், சிங்கப்பூர் போன்ற வெளிநாட்டுச் சந்தைகளுக்காகவே தலைமுறை தலைமுறையாக அது எடுக்கப்பட்டது. மூச்சடக்கி மூழ்கி எடுத்து வருபவர்கள் ஒருபுறம் இருக்க, குடலை நீக்கி, வேகவைத்து, மேல்தோல் கழன்று வரும்படி மணலில் புதைத்து எடுத்து, கழுவி, மறுபடியும் வேகவைத்து, வெயிலில் காயவைக்கும் வேலை கரையில் இருந்த குடும்பங்களுக்குக் கூலி கொடுத்தது. 1982-ஆம் ஆண்டில் மத்திய அரசு, 3 அங்குலத்துக்குக் குறைவான அட்டையை ஏற்றுமதி செய்யக் கூடாது என்று தடை விதித்தது. அதைவிடப் பெரிய அட்டையை அனுப்புவது அப்போது முறையான வணிகமாகவே இருந்தது என்பது அந்தத் தடையிலேயே அடங்கியிருக்கிறது. 1988-இல் தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானிகள் பொரிப்பகத்தில் வெள்ளை அட்டைக் குஞ்சுகளை உருவாக்கிக் காட்டினார்கள். பின்னர் 2001-இல் கடல் அட்டை இனங்கள் அனைத்தும் 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. அன்று முதல் அதை எடுப்பதும், வைத்திருப்பதும், விற்பதும், புலியும் யானையும் இடம்பெற்றுள்ள அதே அட்டவணையின் கீழ் வரும் குற்றங்கள். தண்டனை 3 ஆண்டு முதல் 7 ஆண்டு வரை சிறை. தனுஷ்கோடியிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் கடலைக் கடந்தால் வரும் இலங்கையிலோ, உரிமம் பெற்றவர் அட்டையை எடுக்கலாம். யாழ்ப்பாணத்திலும் கிளிநொச்சியிலும் கரையோரப் பண்ணைகளில் அதை வளர்க்கவும் செய்கிறார்கள்.

கடலடி மண்ணை உட்கொண்டு, அதிலுள்ள கழிவைச் செரித்து, தூய மணலாக வெளியேற்றும் உயிர் அது என்பதும், வரைமுறையின்றி எடுத்ததால் அதன் எண்ணிக்கை குறைந்தது என்பதும் உண்மை. முழுத் தடைதான் சரியான வழியா, பருவத் தடையும் அளவுக் கட்டுப்பாடும் போதுமா என்பது மீனவர்களும் விஞ்ஞானிகளும் அரசும் பேசித் தீர்க்க வேண்டிய தனி விவாதம். நான் சுட்டிக்காட்டுவது வேறொன்றை. 2001-க்கு முன்பு அட்டை எடுத்தவரும் அதன் பின்பு எடுத்தவரும் ஒரே மனிதர். சட்டத்தின் எல்லைக்கோடு இடம் மாறியபோது அவர் அதன் மறுபக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். 1986-இல் தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையிலுள்ள 21 தீவுகள் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டபோது, அத்தீவுகளைச் சுற்றி மரிக்கொழுந்து, கட்டக்கோரை என்னும் கடற்பாசிகளைச் சேகரித்து வந்த சின்னப்பாலம் போன்ற ஊர்ப் பெண்களுக்கு நேர்ந்ததும் இதுவே. தாயும் பாட்டியும் போய்வந்த தீவுக்கு மகள் போனால் அத்துமீறல் ஆயிற்று.

குற்றத்தை ஆராய்ந்த சமூகவியலாளர்கள் இதைப் பல பத்தாண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். பிறழ்வு, அதாவது சமூகத்தின் விதியை மீறி நடத்தல், என்பது ஒரு செயலுக்குள்ளேயே உறைந்திருக்கும் பண்பு அல்ல, ஒரு சமூகம் விதிகளை வகுத்து அவற்றைக் குறிப்பிட்ட சிலர்மீது பொருத்துவதன் விளைவு என்று அமெரிக்கரான ஹோவர்ட் பெக்கர் 1963-இல் எழுதினார். அதற்கும் முன்னதாக, 1895-இல், பிரெஞ்சு அறிஞர் எமில் துர்க்கைம், குற்றமே இல்லாத சமூகம் எங்கும் இருக்க முடியாது என்றும், முழுக்கத் துறவிகளே வாழும் ஒரு மடத்தில்கூட நமக்கு அற்பமாகத் தோன்றும் பிழைகள் அங்கே பெருங்குற்றமாகக் கருதப்படும் என்றும் வாதிட்டார். கொலையும் பாலியல் வன்கொடுமையும்கூட வெறும் பெயர்சூட்டல்தானா என்று இதைக் கேட்டுச் சிலர் கோபப்படுவது எனக்குத் தெரியும். என் வகுப்பிலும் மாணவர்கள் அவ்வாறு கேட்டதுண்டு, கேட்க வேண்டிய கேள்விதான். அந்தக் கொடுமைகளில் பாதிக்கப்பட்டவரின் வலி எந்தச் சட்டத்தையும் சார்ந்து பிறப்பதல்ல. ஆனால் எங்கள் கடற்கரையிலிருந்து செய்தியாகும் குற்றங்களில் மிகுதியானவை அத்தகையவை அல்ல என்பதால்தான் பெக்கர் எழுப்பிய கேள்வி இங்கே பொருந்துகிறது: விதியை வகுத்தவர் யார், அது யார்மீது பொருத்தப்படுகிறது, பொருத்தப்பட்ட பின்பு அவர் என்ன ஆகிறார்?

இந்த மூன்றாவது கேள்விக்கான விடையை எங்கள் மாவட்டம் நூல்களிலிருந்து கற்க வேண்டியதில்லை. ஆங்கிலேய அரசு 1871-இல் வடஇந்தியாவில் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் நீட்டிக்கப்பட்டது. பிறமலைக் கள்ளர், ஆப்பநாட்டு மறவர் உள்ளிட்ட பல சமூகங்கள் பிறப்பாலேயே குற்றவாளிகள் என்று பட்டியலிடப்பட்டன. ஆண்கள் கைரேகை பதிந்து, இரவில் காவல் நிலையத்தில் ஆஜராகி, ஊரை விட்டு வெளியே செல்ல அனுமதிச் சீட்டு வாங்கி வாழ நேர்ந்தது. 1920 ஏப்ரலில் மதுரை மாவட்டத்துப் பெருங்காமநல்லூரில் கைரேகை பதிய மறுத்தவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். முத்துராமலிங்கத் தேவர் உள்ளிட்ட பலரின் நீண்ட போராட்டத்துக்குப் பின் சென்னை மாகாணத்தில் 1947-இலும் நாடு முழுவதும் 1952-இலும் அச்சட்டம் நீக்கப்பட்டது. சட்டம் நீங்கியும் சந்தேகம் நீங்கப் பல காலம் ஆயிற்று. ஒரு கூட்டத்தாரின் இரத்தத்தில் குற்றம் இருக்கிறது என்ற அந்த எண்ணம் எவ்வளவு பொய்யானது என்பதை, சிகாகோ நகரத்தை ஆராய்ந்து 1942-இல் கிளிஃபர்ட் ஷா, ஹென்றி மெக்கே ஆகிய இருவரும் வெளியிட்ட ஆய்வு தெளிவாகக் காட்டியது. நகரின் குறிப்பிட்ட சில பகுதிகளில் குடியேறியிருந்த மக்கள் ஒரு நாட்டவர் போய் இன்னொரு நாட்டவர் என்று மாறிக்கொண்டே இருந்தபோதும், அப்பகுதிகளில் இளையோர் குற்றம் உயர்ந்த நிலையிலேயே நீடித்தது; அங்கிருந்து வெளியேறி நல்ல பகுதிகளுக்குச் சென்ற குடும்பங்களில் அது குறைந்தது. குற்றத்தின் வேர் மக்களின் பிறப்பில் இல்லை, வாழும் இடத்தின் நிலைமையில் இருக்கிறது என்பதே அவர்கள் கண்டது. இவ்வளவுக்குப் பிறகும், அந்த ஊர் ஆட்களே அப்படித்தான் என்ற பேச்சு எங்கள் மாவட்டத் தேநீர்க் கடைகளில் கேட்கிறது; தங்கள் நிருபர்களின் வாக்கியங்களிலும் அது நுழைந்துவிடுகிறது.

அந்தப் பேச்சும் அந்தப் படமும் ஒரு வாழ்க்கையில் என்ன செய்கின்றன என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டும். எங்கள் கரையோர ஊர்களில் கடலை விட்டு வெளியேற விரும்பும் இளைஞருக்கு இருக்கும் பெரிய வழி வளைகுடா நாடுகளில் வேலை. அதற்கு முதலில் கடவுச்சீட்டு வேண்டும், கடவுச்சீட்டுக்குக் காவல்துறைச் சரிபார்ப்பு வேண்டும். குற்ற வழக்கு ஒன்று நீதிமன்றத்தில் நிலுவையில் இருந்தால் கடவுச்சீட்டை மறுக்க 1967-ஆம் ஆண்டின் கடவுச்சீட்டுச் சட்டத்தில் இடமிருக்கிறது. நீதிமன்றத்தில் மனுச் செய்து அனுமதி பெறலாம்தான். ஆனால் வழக்கறிஞரை அமர்த்தி அந்த உத்தரவை வாங்கி முடிப்பதற்குள் விசாவின் காலம் கடந்துவிடும், வேலை வேறொருவருக்குப் போய்விடும். காவலர் பணிக்கோ வேறு அரசுப் பணிக்கோ முயன்றாலும் இதே வழக்கு குறுக்கே நிற்கும். உள்ளூரில் படகுக்கு ஆள் எடுப்பவரும், மகனுக்கோ மகளுக்கோ சம்பந்தம் பேசுபவரும் நீதிமன்றப் பதிவேட்டைப் பார்ப்பதில்லை. அவர்கள் பார்த்திருப்பது தங்கள் நாளிதழில் வந்த படத்தை. ஒரே ஓர் இரவு மூட்டை சுமந்ததற்காகவோ, வலையில் சிக்கிய அட்டையைக் கடலில் திரும்ப விடாமல் கரைக்குக் கொண்டுவந்ததற்காகவோ வழக்கில் சேர்க்கப்பட்ட இருபது வயதுப் பையனுக்கு, வழக்கு முடியும்வரை கதவைத் திறந்து வைத்திருப்பவர்கள் யார் என்று எண்ணிப் பாருங்கள். மூட்டை கொடுத்து அனுப்பியவர்கள் மட்டுமே அவனைத் தயக்கமில்லாமல் ஏற்றுக்கொள்கிறார்கள், முன்பணமும் தருகிறார்கள், வழக்கறிஞரையும் ஏற்பாடு செய்கிறார்கள். இரண்டாம் முறை அவன் பிடிபடும்போது ‘பழைய குற்றவாளி’ என்று எழுதுகிறோம். அதற்கு மேலும் போனால் விசாரணையின்றி 12 மாதம் வரை அடைத்துவைக்கக் கூடிய 1982-ஆம் ஆண்டின் தடுப்புக் காவல் சட்டம், மக்கள் குண்டர் சட்டம் என்று சொல்வது, காத்திருக்கிறது.

முதல் பிறழ்வுக்கு எத்தனையோ தற்செயலான காரணங்கள் இருக்கலாம், ஆனால் சமூகத்தின் எதிர்வினையால் ஒருவர் அந்த அடையாளத்தையே தன் அடையாளமாக ஏற்றுக்கொண்டு செய்யும் இரண்டாம் பிறழ்வு வேறு வகையானது என்று சமூகவியலாளர் எட்வின் லெமர்ட் 1951-இல் பிரித்துக் காட்டினார். அவர் எங்கள் கரையைப் பார்த்தவரில்லை. ஆயினும் நான் மேலே எழுதியது முழுவதும் அந்த இரண்டாம் பிறழ்வின் வரலாறே.

செய்தித்தாளுக்கு இதில் இருக்கும் பங்கைப் பற்றியும் ஆய்வுகள் உண்டு. 1964-இல் ஈஸ்டர் விடுமுறையின்போது இங்கிலாந்தின் கிளாக்டன் என்னும் கடற்கரை ஊரில் இரண்டு வகை உடையணிந்த இளைஞர் கூட்டங்களுக்கிடையே சச்சரவு மூண்டது; சில ஜன்னல்கள் உடைந்தன, கடற்கரைக் குடில்கள் சில சேதமடைந்தன. மறுநாள் செய்தித்தாள்கள் ஊரே சூறையாடப்பட்டதுபோல் எழுதின. அதை ஆராய்ந்து 1972-இல் வெளியிட்ட ஸ்டான்லி கோஹன், மிகைப்படுத்திய செய்தி காவல்துறையையும் நீதிமன்றங்களையும் மேலும் கடுமையாக்கியதையும், அந்தக் கடுமை இளைஞர்களிடையே இருந்த பிளவை மேலும் கூர்மையாக்கியதையும், அடுத்தடுத்த விடுமுறைகளில் அந்தப் பரபரப்பை எதிர்பார்த்தே கூட்டம் சேர்ந்ததையும் விளக்கினார். தங்கள் நாளிதழ் அப்படி வேண்டுமென்றே மிகைப்படுத்துகிறது என்று நான் சொல்லவில்லை. ஆனால் சர்வதேச மதிப்பு என்ற அந்த ஒரு வரி என்ன செய்கிறது? தொலைதூர நகரத்துக் கடையில் உலர்ந்த அட்டை கடைசியாக விற்கப்படும் விலையை, வேதாளைக் கரையில் ஓர் இரவுக் கூலிக்கு மூட்டை சுமந்தவனின் பெயருக்குப் பக்கத்தில் அச்சிடும்போது, படிப்பவர் அந்த லட்சங்கள் அவன் வீட்டில் இருப்பதாக எண்ணிக்கொள்கிறார். அவன் வீட்டைப் பார்த்தவர்களுக்கு உண்மை தெரியும்.

அந்த லட்சங்கள் போய்ச் சேரும் இடத்தைப் பற்றித்தான் செய்தி எதுவும் வருவதில்லை. 1939-இல் அமெரிக்கச் சமூகவியல் சங்கத் தலைவராக உரையாற்றிய எட்வின் சதர்லாண்ட், குற்றவியலாளர்கள் ஏழைகளின் குற்றங்களை மட்டுமே எண்ணிக்கொண்டிருப்பதால்தான் வறுமையே குற்றத்தின் காரணம் என்ற தவறான முடிவுக்கு வருகிறார்கள் என்று குற்றம் சாட்டினார். பின்பு 70 பெரிய நிறுவனங்களின் வரலாற்றை ஆராய்ந்து, அவற்றுக்கு எதிராக மொத்தம் 980 தீர்ப்புகளும் ஆணைகளும் இருந்ததை, அதாவது சராசரியாக நிறுவனத்துக்கு 14 இருந்ததை, 1949-இல் வெளியிட்டார். அவற்றில் பெரும்பாலானவை குற்றவியல் நீதிமன்றத்துக்கே போகாமல் அபராதத்தோடும் எச்சரிக்கையோடும் முடிந்தவை. எங்கள் கடலிலும் இந்த வேறுபாடு உண்டு. இரட்டைமடி, சுருக்குமடி என்னும் பெரிய வலைகள் கடலடியையும் மீன் குஞ்சுகளையும் எவ்வளவு அழிக்கின்றன என்பது நாட்டுப்படகு மீனவர்கள் பல ஆண்டுகளாக அழுது சொல்லும் உண்மை. அவை தடைசெய்யப்பட்டவையே, ஆனால் 1983-ஆம் ஆண்டின் கடல் மீன்பிடி ஒழுங்குபடுத்தும் சட்டத்தின் கீழ் அவை மீன்வளத் துறையின் விசாரணையோடும் அபராதத்தோடும் முடிகின்றன. கைப்பிடி அட்டைக்குச் சிறை, கடலடியையே வாரிக்கொண்டு வருவதற்கு அபராதம் என்ற இந்த ஏற்பாட்டைப் பற்றி ஒரு தலையங்கமேனும் எழுதப்பட வேண்டும்.

வறுமை காரணமில்லை என்றால் வேறென்ன என்று கேட்கலாம். சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் 1938-இல் சொன்ன விளக்கமே எனக்கு நெருக்கமாகத் தோன்றுகிறது. செல்வமும் மதிப்பும் எல்லோரும் அடைய வேண்டிய இலக்குகள் என்று ஒரு சமூகம் எல்லோருக்கும் போதித்துவிட்டு, அவற்றை அடையும் முறையான வழிகளைச் சிலருக்கு மட்டுமே திறந்துவைத்தால், மற்றவர்களில் சிலர் இலக்கை விடாமல் வழியை மாற்றிக்கொள்வார்கள் என்றார் அவர். கீழக்கரையிலும் பெரியபட்டினத்திலும் வெளிநாட்டுப் பணத்தில் எழும் மாடி வீடுகளுக்கு அருகிலேயே, ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை, மற்ற நாட்களில் டீசல் விலை, எல்லை தாண்டியதாக இலங்கைக் கடற்படையின் கைது, திரும்பி வராத படகு என்று வாழும் கூலி மீனவரின் மகனும் வளர்கிறான். 237 கிலோமீட்டர் கரை கொண்ட இம்மாவட்டத்தை மத்திய அரசு 2018-இல், வளர்ச்சியில் பின்தங்கியவற்றுக்கான ‘முன்னேற விழையும் மாவட்டங்கள்’ பட்டியலில் சேர்த்தது. அந்த விழைவு அந்தப் பையனுக்கும் உண்டு.

இதனால் மூட்டை சுமப்பவரிடம் தவறே இல்லை என்று நான் வாதிடுவதாகக் கொள்ள வேண்டாம். கடலில் கிடைப்பது யாருக்கும் சொந்தமில்லை, நான் எடுக்காவிட்டால் இன்னொருவன் எடுப்பான், பெரிய ஆட்களே செய்கிறார்கள் என்ற சமாதானங்கள் எங்கள் கரையில் சாதாரணமாகக் கேட்பவை. தவறு செய்பவர்கள் தங்கள் மனச்சாட்சியை இத்தகைய சமாதானங்களால்தான் அடக்கிக்கொள்கிறார்கள் என்று சைக்ஸ், மட்சா என்னும் சமூகவியலாளர் இருவர் 1957-இலேயே வகைப்படுத்திக் காட்டியிருக்கிறார்கள். கஞ்சாவும் பிற போதைப்பொருள்களும் கடலைக் கடந்து போவதோடு நிற்பதில்லை, எங்கள் பள்ளிப் பிள்ளைகளிடமும் வந்து சேர்கின்றன. அதை நினைத்து இரவில் உறங்காத பெற்றோரை நான் அறிவேன். அதே வேளை, விதியை மதிக்கத் தெரியாத மக்கள் அல்ல இவர்கள். விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுகள் மீதி நாட்கள் என்று இங்கு நிலவிவரும் ஏற்பாடு, மீனவர்களே பேசி ஒப்புக்கொண்டு பெருமளவு காப்பாற்றி வந்தது. தாங்கள் பங்கேற்று வகுத்த விதியைக் காக்கிறவர்களே, தங்களிடம் ஒரு வார்த்தையும் கேட்காமல் வந்த விதியை மீறுகிறார்கள் என்பதில் ஆட்சியாளர்களுக்கும் ஒரு செய்தி இருக்கிறது.

ஆசிரியர் அவர்களே, சட்டத்தை மாற்றுவது தங்கள் கையில் இல்லை. செய்தியை எழுதும் முறை தங்கள் கையில்தான் இருக்கிறது. 18 வயது நிறையாதவரின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்று 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு ஏற்கெனவே சொல்கிறது. அந்தக் கண்ணியத்தை, வன்முறையில்லாத வழக்குகளில் முதன்முறையாகக் கைதான பெரியவர்களுக்கும், குற்றப்பத்திரிகை தாக்கலாகும் வரையிலேனும், தங்கள் நாளிதழ் தானாக முன்வந்து நீட்டிக்க வேண்டும்: படம் வேண்டாம், தகப்பனார் பெயரும் தெருவும் வேண்டாம். சர்வதேச மதிப்பை அச்சிட்டால், சுமந்தவருக்குப் பேசப்பட்ட கூலி எவ்வளவு என்று விசாரணை அதிகாரியிடம் கேட்டு அதையும் அச்சிடுங்கள். பொருள் யாருடையது, படகு யாருடையது, பணம் கொடுத்தவர் யார் என்ற கேள்விகளை நிருபர் கேட்டார் என்பதும், விடை கிடைத்ததா இல்லையா என்பதும் செய்தியில் இருக்கட்டும்.

எல்லாவற்றையும்விட முதன்மையாக நான் வேண்டுவது, வழக்கின் முடிவைப் பற்றிய செய்தி. கைது எட்டு வரியில் வந்தால், விடுதலையும் எட்டு வரியில், அதே பக்கத்தில் வர வேண்டும். இராமநாதபுரம் மாவட்ட நீதிமன்றங்களில் முடிவுக்கு வந்த இத்தகைய வழக்குகளின் விவரத்தை மாதம் ஒருமுறை தொகுத்து வெளியிடுவது ஒரு நிருபருக்கு முடியாத வேலையன்று. தங்கள் இணையப் பதிப்பில் பல ஆண்டுகளுக்கு முந்தைய கைதுச் செய்திகள் இன்றும் பெயரோடும் படத்தோடும் கிடைக்கின்றன. விடுதலையானவர் தீர்ப்பின் நகலைக் கொடுத்தால், அந்தப் பழைய செய்தியின் மேலேயே அதைக் குறிப்பிட்டுத் தேதியுடன் ஒரு வரி சேர்க்க வேண்டும். அதற்கு யாரிடம், எந்த முகவரியில் விண்ணப்பிக்க வேண்டும் என்பதை மாவட்டப் பக்கத்தில் அறிவித்தால், தீர்ப்பு நகலோடு வரத் தயாராக இருக்கும் சிலரை நானே அறிவேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற சமூகவியல் ஆசிரியர் ஒருவர்,
மண்டபம், இராமநாதபுரம் மாவட்டம்.